ஒரு சாண் இறக்கிய வண்டி

வண்டியில் சாகவில்லை தம்பி. யார் உங்களுக்கு அப்படிச் சொன்னது? அடிவாரத்து டீக்கடையிலா? அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாய்தான் வேலை. பூங்கொடி வண்டியில் சாகவில்லை. ஓடைக்கு அந்தக் கரையில், பாறைமேல் படுக்க வைத்த பிறகுதான் உயிர் போனது. வண்டி ஓடைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உட்காருங்கள். அந்தக் கட்டிலில் வேண்டாம், கயிறு தொய்ந்து கிடக்கிறது. இந்த நாற்காலியில் உட்காருங்கள். என் பையன் லோகு இப்போது வந்துவிடுவான். கருப்பராயன் கோயில் பூசாரியிடம் சொல்லிவிட்டு, அப்படியே மாதேசன் வீட்டுக்குப் போய் அந்தப் பெண் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். உச்சிப் பொழுதில்தான் எங்கள் சாமியிடம் பூ கேட்பது. நான் பூவை ஆய்ந்துகொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கை சும்மா இருந்தால் என் மனசு எங்கெங்கோ போகும்.

வண்டியைப் பார்த்தீர்களா? பலா மரத்தடியில் நிற்கிறதே, அதுதான். நான்கு மாதமாக ஓடவில்லை, அவ்வளவுதான். நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப். சேற்றில் பின் சக்கரம் மாட்டினால் முன் சக்கரம் இழுத்துவிடும் என்று லோகு சொல்வான். உங்கள் கோபி பக்கம் வாழைத்தார் ஏற்றுவதற்கு இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது. தாழ்வாக இருக்கிறது பாருங்கள், ஆள் ஏறி நின்று தூக்க வேண்டியதில்லை. நின்ற இடத்திலிருந்தே தாரைச் சாய்த்துவிடலாம். அந்தத் தாழ்வு நான் செய்ய வைத்தது.

நான் என்றால் நான் இல்லை. சாமி சொன்னது.

உள்ளே இருமுகிறது கேட்கிறதா? லோகுவின் அப்பா. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. பதினொரு வருஷம் ஆகிறது. சந்தைக்குப் பீன்ஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு போன டெம்போ, மூன்றாவது வளைவில் அப்படியே ஒருக்களித்துப் படுத்துவிட்டது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். இரண்டு பேர் அங்கேயே போய்விட்டார்கள். இவரைத் தூக்கிவந்தபோது, 'காலை யாரோ அமுக்கிப் பிடிச்சிருக்காங்க, எடுக்கச் சொல்லு'ன்னு கேட்டார். காலில் யாருமே கை வைக்கவில்லை தம்பி.

அதற்கப்புறம் என் பிள்ளையும் வண்டிதான் ஓட்டுவேன் என்றால் ஒரு தாய்க்கு எப்படி இருக்கும்? அவன் காலையில் வண்டியைக் கிளப்பினால் நான் வாசலில் நின்று சத்தத்தைக் கேட்பேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவதில் சத்தம் மலைக்குப் பின்னால் போய்விடும். மறுபடி கேட்கிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. 'உங்கம்மாவுக்குப் பயம் ஒரு வியாதிடா'ன்னு இவர் படுத்த இடத்திலிருந்து சொல்வார். படுக்கையில் கிடப்பவருக்கு என்ன, சொல்லலாம்.

ஊருக்கு இருந்தது இந்த ஒரு வண்டிதான். ரேஷன் அரிசி, உர மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாம் லோகு வண்டியில்தான். மழைக்காலத்தில் ஜீப்பே ஓடை தாண்டாது. ஆனைப்படி என்று ஓடைக்குள் ஒரு பாறை இருக்கிறது, நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள், படிக்கட்டு மாதிரி முழங்கால் உயரத்துக்கு நிற்கும். இவன் வண்டி மட்டும் அதில் ஆடு ஏறுவது போல ஏறிவிடும். அவ்வளவு உயரம். வண்டிக்கு அடியில் ஒரு கிழவி குனிந்து போய்விடலாம். அந்த உயரத்தைப் பார்த்தாலே எனக்கு மூன்றாவது வளைவு ஞாபகம் வரும்.

ஒரு நாள் நானும் வண்டியில் சந்தைக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வளைவு வரும்போதெல்லாம் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருப்பராயா, கருப்பராயா என்று சொல்வதைப் பார்த்துச் சிரித்தார். 'உயரமான வண்டிதாம்மா சீக்கிரம் கவிழும். பந்தயக் காரைப் பாருங்க, தரையோட தரையா இருக்கும். எத்தனை வேகமா திருப்பினாலும் கவிழாது' என்றார். நான் ஐந்தாவதோடு நின்றவள். வாத்தியார் சொன்னால் அது எனக்குச் சட்டம்.

அன்றைக்கே லோகுவிடம் சொன்னேன். 'வண்டியை எறக்கிப்போடுடா.'

'எதை எறக்க?'

'ஒசரத்தை.'

சிரித்தான். 'அம்மா, எல்லாரும் காசு குடுத்து வண்டியை ஏத்துறாங்க. இந்த வண்டிக்கு ஒசரந்தான் உசுரு. எறக்குனா ஆனைப்படியில வயிறு தட்டும்.'

'வயிறு தட்டுனாத் தட்டட்டும். தலைகீழாப் போகாதுல்ல?'

இரண்டு மாதம் இதே பேச்சு. சோறு போடும்போது சொல்வேன், துணி துவைக்கும்போது சொல்வேன். அவன் போனில் பேசும்போதும் பக்கத்தில் நின்று சொல்வேன். ஒரு நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். 'சாமிகிட்டப் பூ கேளு. வெள்ளை வந்தா எறக்குறேன். சிவப்பு வந்தா செத்தாலும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது' என்றான். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டால் சொன்னது.

உங்கள் பக்கத்திலும் பூ கேட்பது உண்டுதானே? இங்கேயும் அதே மாதிரிதான். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெளியே தெரியாமல் மடித்து நாரால் கட்டி, சாமி காலடியில் போட வேண்டும். விவரம் தெரியாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சாமி சரி என்கிறது, சிவப்பு என்றால் வேண்டாம் என்கிறது. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை எங்கள் ஊரில் பிரிக்க மாட்டார்கள். அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். பொங்கியண்ணன் பூசாரிக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து பொட்டலம் மடிப்பது நான்தான். எங்கள் வேலியில்தானே இரண்டு அரளியும் நிற்கிறது.

அன்றைக்குப் பூ எடுத்தது மாதேசன் மகள், தமிழினி. நான்கு வயது. மாதேசன் லோகுவோடு ஒன்றாய்ப் படித்தவன், பக்கத்துத் தோட்டம். அவன் பெண்டாட்டிதான் பூங்கொடி. பூங்கொடிதான் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றி, பாவாடை கட்டிக் கூட்டிவந்தாள். 'கண்ணை மூடிட்டு ஒண்ணை எடு சாமி' என்றாள். பிள்ளை வலது கையை நீட்டி எடுத்தது. பூசாரி பிரித்தார். வெள்ளை.

லோகு அப்படியே விழுந்து கும்பிட்டான். சாமி வாக்கு என்றால் அவனுக்கு அப்படி ஒரு பயம். அது என் வளர்ப்பு.

அடுத்த வாரமே அந்தியூருக்குப் போனோம். நானும் கூடப் போனேன். இல்லாவிட்டால் பெயருக்கு ஏதாவது செய்துவிட்டு வந்துவிடுவான். பட்டறைக்காரர் சம்பத் என்று ஒருவர். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். 'ஏனுங்க அக்கா, மலையில ஓட்டுற வண்டியை எறக்கச் சொல்றீங்களே, எதுக்குங்க?'

'சாமி சொல்லிருச்சுங்க' என்றேன்.

அவர் லோகுவைப் பார்த்தார். லோகு தலையைக் குனிந்துகொண்டான்.

பின் சக்கர அச்சுக்கு மேலே வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதைக் கழற்றி அச்சுக்கு அடியில் மாற்றிக் கட்டினார். முன்பக்கம் ஏதோ ஒரு முறுக்குக் கம்பியாம், அதன் போல்ட்டைத் தளர்த்தினார். காலையிலிருந்து நான் ஒரு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்பக்கம் நாலு விரற்கடை இறங்கியதும் போதும் என்றார். நான் எழுந்து போய்க் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். 'இன்னும் கொஞ்சம் எறக்குங்க. ஒரு சாண் வரட்டும்.'

'அக்கா, அடியில கியர்ப்பெட்டி தொங்குதுங்க. கல்லுல இடிக்கும்.'

'நீங்க எறக்குங்க.'

'ஏம்ப்பா, நீ சொல்லு' என்று லோகுவிடம் கேட்டார். 'அம்மா சொல்றபடி பண்ணுங்கண்ணா. வாக்கு வாங்கியாச்சு' என்றான்.

ஒரு சாண் இறங்கியது. அன்றைக்குத் திரும்பி வரும்போது, நம்புங்கள் தம்பி, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக வளைவுகளில் நான் கண்ணை மூடவில்லை.

ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். முன்னெல்லாம் வயதானவர்களை இரண்டு பேர் பிடித்து மேலே தள்ள வேண்டும். இப்போது அவர்களே ஏறினார்கள். பூங்கொடிக்கு அப்போது மூன்று மாதம். 'அத்தை, இப்பத்தான் ஏறி எறங்கச் சுகமா இருக்கு. நல்ல காரியம் பண்ணீங்க' என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள். ஆனைப்படியில் வயிறு தட்டத்தான் செய்தது. லோகு ஓடையில் இறங்கித் தட்டைக் கற்களாகப் பொறுக்கி, பாறைக்கு முன்னால் சரிவாக அடுக்கிவிட்டான். அதன்மேல் மெதுவாக ஏறினால் லேசாக உரசிக்கொண்டு போய்விடும். வெயில் காலம் முழுவதும் ஒரு குறையும் இல்லை.

ஐப்பசியில் மழை வந்தது. அது என் கையிலா இருக்கிறது?

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். மாதேசன் ஓடி வந்தான். பூங்கொடிக்கு நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் ரத்தம் போகிறது என்றான். போன் போட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆம்புலன்ஸ் ஓடையின் அந்தக் கரை வரைக்கும்தான் வரும், அதற்கு மேலே பாதை இல்லை. லோகு வண்டியில் மெத்தையை விரித்தான். அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். காலை மாதேசன் பிடித்துக்கொண்டான். கால் மணி நேரத்தில் ஓடைக்கு வந்துவிட்டோம். அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான், இழுப்புதான் அதிகம். அதைவிட இரண்டு மடங்கு தண்ணீரில் லோகு முன்னாலே போயிருக்கிறான்.

அடுக்கி வைத்த கல் எதுவும் இல்லை. இரண்டு நாள் வெள்ளம் எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் கலங்கல், கல் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? முன் சக்கரம் பாறைமேல் ஏறியது. அப்புறம் அடியில் ஒரு சத்தம். இரும்பைப் பல்லால் கடிக்கிற மாதிரி. வண்டி வயிற்றைப் பாறைமேல் வைத்து உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சுற்றுகிறது, தம்பி. நாலும் சுற்றுகிறது. வண்டி நகரவில்லை. லோகு முன்னே போட்டான், பின்னே போட்டான். இறங்கி ஜாக்கி வைத்துப் பார்த்தான், ஜாக்கி சேற்றுக்குள் போனது. பின்னால் புகைக்குழாய்க்குள் தண்ணீர் போய் இன்ஜினும் நின்றுவிட்டது.

'அத்தை, வண்டியை எடுக்கச் சொல்லுங்க.' அவள் அதை மட்டும்தான் சொன்னாள். 'எடுக்கச் சொல்லுங்க அத்தை.' நான் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, 'எடுப்பான் கண்ணு, எடுப்பான்'னு சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். போர்வையில் தொட்டில் மாதிரி கட்டி, நாலு பேர் தோளில் தூக்கிக் கரை சேர்க்க முக்கால் மணி நேரம். என் சேலை முழுவதும் நனைந்திருந்தது. தண்ணீர் என்றுதான் நினைத்தேன். அந்தக் கரையில் பாறைமேல் கிடத்தி, அந்த நர்ஸ் பொண்ணு என்னென்னவோ செய்து பார்த்தது. குழந்தையும் தங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வண்டி கவிழவில்லை. அவ்வளவு தண்ணீர் இடித்தும் ஒரு பக்கம் சாயக்கூட இல்லை. இதை யாரும் சொல்வதில்லை பார்த்தீர்களா? நான் சொன்னது சரிதானே? கவிழவில்லை.

மாதேசன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. முப்பதாம் நாள் கும்பிட்ட அன்று லோகு அவன் காலில் விழப் போனான். மாதேசன் தூக்கிவிட்டு, 'நீ என்னடா பண்ணுவே? எம்புள்ளை கையாலதான் சாமி வாக்கு சொல்லுச்சு. சாமிக்கு என் வீட்டுல ஒரு உசுரு வேணும்னு இருந்திருக்கு' என்றான். கூட்டமே அழுதது. அதற்கப்புறம் ஊரிலும் அதே பேச்சாகிவிட்டது. இவள் எடுத்த பூ, இவள் எடுத்த பூ என்று. பிள்ளைக்கு முன்னாலேயே சொல்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது. வலது கையால் எதையும் எடுப்பதில்லை. சோறு தின்பதும் இடது கையால்தான். வலது கையைப் பாவாடைக்குள் சொருகி வைத்துக்கொள்கிறது. தாயில்லாப் பிள்ளை, யார் கண்டிப்பது? போன வாரம் நான்தான் கையில் ஒன்று வைத்தேன். 'பொட்டப் புள்ளை பீச்சாங்கையால தின்னக் கூடாது' என்றேன். அது அழக்கூட இல்லை. என்னையே பார்த்தது.

லோகுவும் அப்படித்தான். பேசுவதில்லை. டிராக்டர் வைத்து வண்டியை இழுத்து வந்து மரத்தடியில் நிறுத்தினார்கள், அதோடு சாவியைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டான். ஒரு நாள் கேட்டான், 'ஏம்மா, கருப்பராயன் தெரிஞ்சேதான் என்னை எறக்கச் சொல்லியிருக்குமா?' 'சாமி காரியம் நமக்கெப்படித் தெரியும்' என்றேன். அவன் கோயில் பக்கமே போகவில்லை, இன்றைக்கு வரை.

போன வாரம் திடீரென்று ஒரு பேச்சு. சம்பத்திடம் போய்ப் பட்டையைப் பழையபடி மேலே மாற்றப் போகிறானாம். இன்னும் ஒரு பிடி உயர்த்தவும் சொல்லப் போகிறானாம். ஊருக்கு வண்டி இல்லை, இரண்டு பெண்கள் வாயும் வயிறுமாக இருக்கிறார்கள், மறுபடியும் ஓட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும் என்கிறான். நான்கு மாதத்துக்கப்புறம் அவன் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் களை. பழையதைவிடவும் உயரமாம்! அதனால்தான் தெரிந்தவர்கள் மூலமாக உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். உங்களைப் பற்றிச் சொன்னதும், வேண்டாம் என்றான். அழுதேன், சாப்பிடவில்லை. கடைசியில், 'மறுபடியும் பூ கேக்கலாம். வெள்ளை வந்தா விக்கிறேன். சிவப்பு வந்தா ஏத்தி ஓட்டுறேன். என் மேல கோவமா இல்லையான்னு சாமியே சொல்லட்டும்' என்றான். பூசாரியும், அதே வண்டி விஷயம், அதே பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதுதான் கூட்டிவரப் போயிருக்கிறான்.

என்ன பார்க்கிறீர்கள்?

இந்தச் சிவப்பு அரளியா? அது சும்மா பறித்தது. கூடையில் இரண்டு நிறமும் இருந்தால்தானே பார்க்கிறவர்களுக்குச் சரியாக இருக்கும்.

ஆமாம். இரண்டு இலையிலும் வெள்ளைதான் வைக்கிறேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. நீங்கள் வெளியூர், வண்டியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வரப் போவதில்லை, அதனால் சொல்கிறேன். போன தடவையும் இப்படித்தான். சாமியை ஏமாற்றவில்லை நான். சாமிக்கு ஆயிரம் வேலை, கவனம் தப்பிச் சிவப்பை எடுக்க வைத்துவிட்டால்? என் பிள்ளை ஒரே பிள்ளை. ஒரு கை கூடக் கொடுத்தேன், அவ்வளவுதான். வேண்டாம் என்றிருந்தால் சாமி அன்றைக்கே பிள்ளையைத் தடுத்திருக்குமே, பூசாரி மேல் வந்து ஆடியிருக்குமே? ஆடவில்லை. அப்படியானால் சாமிக்கும் சம்மதம்தானே?

லோகு அப்பாவுக்குத் தெரியும். அன்றைக்கு நான் மடித்ததை உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பூங்கொடியை எடுத்த அன்று மட்டும் கூப்பிட்டார். 'மயிலு, பையன்கிட்டச் சொல்லிரு. சாமி சொல்லலை, நான்தான் சொன்னேன்னு சொல்லிரு' என்றார். சொல்லிவிட்டால்? அவன் என் முகத்தில் முழிப்பானா? வீட்டைவிட்டுப் போய்விட மாட்டானா? சாமி மேல் கோபம் என்றால் நாளாவட்டத்தில் ஆறிவிடும். அம்மா மேல் கோபம் ஆறுமா, நீங்களே சொல்லுங்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார்.

அதோ, வருகிறார்கள். வேலி ஓரமாக, தெரிகிறதா? முன்னால் லோகு, பின்னால் அந்தப் பிள்ளை. பாருங்கள், வலது கையைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டே நடக்கிறது. எத்தனை சொன்னாலும் கேட்காது.

அந்த நாரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். எங்கே எழுந்திருக்கிறீர்கள்? நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்திருங்கள். சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, உச்சிப் பொழுது கழிந்ததும் நானே எடுத்துத் தருகிறேன். ஆனைப்படியில் இப்போது தண்ணீர் இல்லை, நாலு கல்லைப் போட்டு மெதுவாக இறக்கிக்கொள்ளலாம்.

அது எந்தக் கையால் எடுத்தால் என்ன தம்பி? வெள்ளைதான் வரும்.